ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலூரில் வீடு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. தினமும் போய்வர வேண்டும். உயரம் 5 அடி 5 அங்குலம். யமஹா ஆர்15 மேல்தான் ஆசை. ‘முதுகு போயிடும்’ என்று வீட்டில் தடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போக வேண்டும். என்ன வாங்கலாம்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதுகுக்கு முன்னால் மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும். ஆர்15-இல் ஹேண்டில்பார் தாழ்வாகவும், ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளியும் இருப்பதால் உடம்பு முன்பக்கம் சாய்ந்தே இருக்கும். 70, 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் கையில் பாரம் குறைவு. ஊர்ந்து போகும்போது அந்தத் தாங்கல் கிடைக்காது, மேலுடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கிவிடும்.

இதை உங்கள் பாதையில் வைத்துப் பாருங்கள். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரை வண்டி ஓரளவு ஓடிவிடும். தவளக்குப்பம் தாண்டினால் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று காலை நேரத்தில் கிளட்சும் பிரேக்கும்தான் வேலை. அதன்பிறகு நூறடி சாலை, இந்திரா காந்தி சிலை சிக்னல். ரேடியேட்டர் வைத்த, ஃபேரிங் (முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் உறை) உள்ள வண்டி என்றால், சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஓடி வெப்பக்காற்று காலில் அடிக்கும். அது பழுதில்லை, மே மாதத்தில் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆர்15-இன் 155 சிசி இன்ஜின் 18.4 பிஎஸ் சக்தி தருகிறது. ஆனால் வால்வு திறப்பை மாற்றிக் கூடுதல் இழுவை தரும் விவிஏ, 7,400 ஆர்பிஎம் வாக்கில்தான் வேலை செய்யத் தொடங்கும். நெரிசலில் இன்ஜின் அதில் பாதிச் சுற்றில் ஓடுவதே அதிகம். காசு கொடுத்து வாங்கிய சக்தி வேலைநாள் பாதையில் பெரும்பாலும் கைக்கு வராது.

அம்மா விஷயத்தைத்தான் நாங்கள் அதைவிடப் பெரிதாக நினைக்கிறோம். இந்த வகை வண்டிகளில் பின் சீட் உயரம், அகலமோ குறைவு. சேலையில் ஒருபக்கமாக உட்காருபவருக்குப் பிடிமானம் போதாது. நீங்கள் பிரேக் பிடித்தால் அவர் வழுக்கி உங்கள் முதுகில் வந்து மோதுவார், அந்தப் பாரமும் உங்கள் மணிக்கட்டில்தான் சேரும். எனவே ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப்போங்கள். அவர் ஏறி உட்கார்ந்து, கால் வைத்து, எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பாருங்கள். பின்சக்கரத்துக்குச் சேலை கார்டு சட்டப்படி இருக்க வேண்டும். அழகு கெடுகிறது என்று கழற்றச் சொல்லிவிடாதீர்கள். முந்தானை செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தேவைக்குச் சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 பொருத்தமாகப் படுகிறது. ஃபேரிங் வண்டியின் தோற்றம் இருக்கிறது, ஹேண்டில்பார் ஆர்15 அளவுக்குத் தாழ்வில்லை. 249 சிசி, ஆயில் கூலிங், அதனால் ரேடியேட்டர் கூலன்ட்டைப் பற்றிய கவலை இல்லை. சீட் உயரம் 800 மி.மீ. ஆர்15-இல் 815. உங்கள் உயரத்துக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டர், மணல் படிந்த சாலையோரத்தில் காலூன்றும்போது தெரியும். ஃபேரிங் இல்லாமலும் சரி என்றால் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி பாருங்கள், நிமிர்ந்து ஓட்டலாம். யமஹா எம்டி-15 உங்களுக்குப் பிடிக்கலாம். ஆர்15 இன்ஜினேதான், ஹேண்டில்பார் உயரம். ஆனால் அதன் பின் சீட் அம்மாவுக்கு ஆகாது.

எந்த வண்டியானாலும் ஐந்து நிமிட டெஸ்ட் ரைடு போதாது. நிறுத்திய வண்டியில் ஓட்டும் வாகில் 15 நிமிடம் உட்காருங்கள். தொடையால் டேங்கை இறுக்கிக்கொண்டு இரண்டு கையையும் லேசாக எடுங்கள். உடம்பு முன்னால் விழாமல் நின்றால் அந்த வண்டி உங்களுக்கு ஒத்துவரும். கையை எடுக்கவே முடியவில்லை என்றால், மரப்பாலம் வருவதற்குள் விரல் மரத்துவிடும்.

கடைசியாக ஒன்று. சர்வீஸ் சென்டரில் முன் ஃபேரிங், ஹெட்லைட் செட், கிளட்ச் பிளேட், ஃபோர்க் (முன் ஷாக் அப்சார்பர்) ஆயில் சீல் நான்குக்கும் விலையையும், வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேளுங்கள். வண்டி ஒருமுறை சும்மா சாய்ந்து விழுந்தாலே ஃபேரிங்கை மாட்டும் உட்பக்கக் காதுகள் உடையும். பார்ட்ஸ் வரும்வரை நீங்கள் பஸ்ஸில் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் கேடிஎம் ஆர்சி 200 ஒன்று மலிவாக வருகிறது. ‘ஒரே கை, கீறல்கூட இல்லை’ என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கீறல் இல்லை என்பதே சந்தேகப்பட ஒரு காரணம். ஃபேரிங்கைப் புதிதாக மாற்றியிருக்கலாம். மாற்றாமல் விட்ட இடங்களைப் பாருங்கள்: ஹேண்டில்பார் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் அடிப்பக்கம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் சிறு இரும்புத் தடுப்பைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்கிறது. அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்ல ஆட்டுங்கள். நடுவில் ‘டக்’கென்று நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் செட் முழுவதும் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஃபோர்க் குழாயில் துரு இருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் சீல் சீக்கிரம் ஒழுகும்.

நம் பகுதியில் இன்னொரு சோதனை கட்டாயம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூரிலும் புகுந்தது. அப்போது மூழ்கிய வண்டிகள் பல கை மாறியிருக்கும். சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்த வண்டலோ பச்சைக் களிம்போ இருந்தால் அந்த வண்டி நீரில் நின்றது. ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) அடியிலும், ஹெட்லைட் உள்ளேயும் சேற்றுக்கோடு தங்கும். ஆயில் மூடியின் உட்பக்கம் மோர் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கூலன்ட் கசிவும் அப்படிக் காட்டும். இரண்டும் செலவுதான்.

அடுத்து காகிதங்கள். வண்டியில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு (பதிவுச் சான்று) நீங்களே ஒப்பிடுங்கள். கடன் போட்ட வண்டி என்றால், கடன் முடிந்ததைக் காட்டும் ஃபார்ம் 35 வேண்டும். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. பிஒய் (புதுச்சேரிப் பதிவு) வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுவதாக இருந்தால் ஃபார்ம் 28 தடையில்லாச் சான்றும் வேண்டும். இவை கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. கியர் போட்டதும் வண்டி அணைந்துவிடுகிறது. பேட்டரி, பிளக் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: சைடு ஸ்டாண்டு ஸ்விட்சைப் பாருங்கள். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை அணைக்கத்தான் அது இருக்கிறது. உப்பும் மண்ணும் ஏறி அது சிக்கிக்கொண்டால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் கீழே இருப்பதாகவே வண்டி நினைக்கும். நன்றாகக் கழுவி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஸ்டாண்டைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஸ்விட்சை மாற்றுங்கள். ஸ்விட்சைத் துண்டித்து நேரடியாக ஒயர் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு, அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஸ்டாண்டு போட்டபடியே கிளம்பினால் முதல் இடப்பக்க வளைவில் ஸ்டாண்டு தரையில் இடித்து விழுவீர்கள்.

இனி வாரம் ஒருமுறை அழுத்தமில்லாத நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் வீல் பேரிங்கில் தண்ணீர் இறங்கும், ரேடியேட்டர் தகடும் மடங்கும். ஃபோர்க் குழாயை மெல்லிய துணியால் துடையுங்கள். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த அன்றும் செயின் லூப் (மசகு ஸ்பிரே) போடுங்கள். ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது கீழ்ச்செயினின் உட்பக்கமாக அடித்தால் நன்றாக இறங்கும். பெட்ரோலால் செயினைக் கழுவாதீர்கள், ஓ-ரிங் ரப்பர் கெட்டுவிடும். பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே பதிவு செய்து கடலூரில் ஓட்டலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: புதுச்சேரி முகவரி உண்மையாகவே உங்களுக்கு இருந்தால் பதிவு செய்யலாம். தெரிந்தவர் முகவரியைக் கொடுப்பது பொய்யான விவரம் தருவதாகும். வண்டி 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-இன்படி இங்கே புதிய எண் வாங்க வேண்டும், இங்குள்ள வரியும் கட்ட வேண்டும். வேலையும் வீடும் கடலூரில்தான் என்றால் முதலிலேயே டிஎன் 31-இல் பதிவு செய்துவிடுங்கள்.