அஞ்சு வாட்டில் வீடு நிறையுமா?
வாசகர் கேள்வி – பதில்: ரேடியோ, ஆம்ப், ஸ்பீக்கர்

கேள்வி: டிடிஏ 2030 ஐசி இரண்டு போட்டு நானே ஸ்டீரியோ ஆம்ப் செய்தேன். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். பழைய ஹோம் தியேட்டரின் குட்டி ஸ்பீக்கர் இரண்டில் மாட்டினால் சத்தமே பத்தவில்லை. முக்கால்வாசி திருப்பினால் கரகரக்கிறது. நூறு வாட் போர்டு வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா ஐயா?
– கல்லூரி மாணவர், காரிமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் ஆம்ப் மேல் தப்பில்லை. அந்த ஐசியும் அந்த டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து 8 ஓம் ஸ்பீக்கருக்கு எட்டு, ஒன்பது வாட் சுத்தமாகக் கொடுக்கும். ஒரு வீட்டுக்கு அது தாராளம். கிருஷ்ணகிரியில் முப்பத்தைந்து வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறை ஸ்பீக்கரில் இருக்கிறது.

ஸ்பீக்கர் வாங்கும்போது எல்லோரும் எத்தனை வாட் தாங்கும் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது வேறு: ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல்? இதைத்தான் சென்சிடிவிட்டி என்கிறார்கள். உங்களிடம் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் வகை பெரும்பாலும் 83 முதல் 86-க்குள் நிற்கும். மைக் செட்டுக்காரர்கள் போடும் 12 இஞ்ச் ஸ்பீக்கர் 96, 97 வரும். பார்க்கப் பத்து தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் டெசிபல் கணக்கு வேறு மாதிரி. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூட என்றால் பத்து மடங்கு. 86 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 96 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், உங்கள் ஒன்பது வாட் ஆம்ப் தொண்ணூறு வாட் ஆம்ப் செய்யும் வேலையைச் செய்யும். ஐசியில் ஒரு காலைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 86 டெசிபல் ஸ்பீக்கர், நாம் கொடுக்கும் கரண்டில் கால் சதவீதத்தைத்தான் சத்தமாக மாற்றுகிறது. மீதி முழுக்க, கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகப் போய்விடுகிறது. 96 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டரை சதவீதம் மாற்றும். நூறு வாட் போர்டை அந்தக் குட்டி ஸ்பீக்கரில் மாட்டினால் சத்தம் கூடும், அதோடு சூடும் நிறையக் கூடும். ஒருநாள் காயில் கருகிய வாசனை வரும். என் மேசைக்கு அப்படி வந்த ஸ்பீக்கர்கள் ஏராளம். கோனை விரலால் மெல்ல அமுக்கினால் உள்ளே சரசரவென்று உரசும். காயில் சுற்று உருகிக் கிளம்பியிருக்கும்.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். கூடத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்கிறீர்கள். தூரத்துக்காக ஏழு டெசிபல் கழித்தால் 97 டெசிபல் ஸ்பீக்கர், ஒரு வாட்டில் 90 தரும். நல்ல சத்தமாகப் பாட்டு கேட்பது என்றால் சராசரி 80 போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு! தவில் அடியும் மிருதங்கத் தீர்மானமும் சராசரிக்கு மேலே 15 டெசிபல் துள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூணு வாட், கொஞ்சம் கூட. அதே இடத்தில் 86 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் அந்த ஒரு அடிக்கு நாற்பது வாட் வேண்டும். உங்கள் ஒன்பது வாட்டால் முடியாது. அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். நீங்கள் கேட்ட கரகரப்பு அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே காதால் கேட்டிருக்கிறேன். எங்கள் மாமா ஒருவர் பென்னாகரம் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து வந்தால் இருபது வாட் வால்வு ஆம்ப் ஒன்று, குழாய் ஸ்பீக்கர் இரண்டு, கார் பேட்டரி ஒன்று, அவ்வளவுதான் சாமான். குழாயைப் புளியமரத்துக் கிளையில் கட்டிவிட்டு நான் வரப்பு வழியாக அடுத்த ஊர் வரை நடந்துபோய்க் கேட்டு வருவேன். கட்டியங்காரன் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். குழாய் ஸ்பீக்கர் 105 டெசிபல் என்று வைத்தால், இருபது வாட்டுக்கு 118. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் 60 டெசிபல் குறையும். மீதி 58. எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவு. கணக்கும் காதும் ஒத்துப்போகிறது பாருங்கள்.

அந்தக் கால வீட்டு ரேடியோவும் அப்படித்தான். நாலைந்து வாட் வால்வு, லேசான காகிதக் கோன், பெரிய மரப்பெட்டி. பிறகு எப்படி மாறியது? 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் எடுத்துக் காட்டினார். ஏஆர்-1 என்று பெயர். அருமையான வேலை. ஆனால் அதற்குக் கனமான கோன் தேவைப்பட்டது, சென்சிடிவிட்டி இறங்கியது. டிரான்ஸிஸ்டர் வந்து வாட் மலிவானதும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆகவே, நூறு வாட் போர்டுக்கு வைத்திருக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். பெட்டி அளவு அந்தந்த ஸ்பீக்கரோடு வரும் விவரத் தாளைப் பொறுத்தது. உத்தேசமாக 70 லிட்டர் என்றால் உள் அளவு 45-க்கு 45-க்கு 35 சென்டிமீட்டர். முக்கால் இஞ்ச் பிளைவுட்டில் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். மூலைக்கு மூலை உள்ளே சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். முழங்கை முட்டியால் பக்கப் பலகையைத் தட்டினால் டொக் என்று அடங்க வேண்டும், டம் என்று பாடக்கூடாது.

கேள்வி: கடையில் அட்டைப் பெட்டி மேல் போட்டிருக்கும் டெசிபலை நம்பலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: பாதி நம்பலாம். முதலில், பிஎம்பிஓ (விற்பனைக்காக ஊதிக் காட்டும் உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, 2.83 வோல்ட்டில் அளந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக ஒரு வாட். 4 ஓமுக்கு அது இரண்டு வாட். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரில் 90 என்று போட்டிருந்தால் வாட் கணக்கில் அது 87 தான். ஓம் தெரியாத பழைய ஸ்பீக்கராக இருந்தால் மீட்டரை வையுங்கள். ஆறு ஓமுக்குக் கிட்டே காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர்.

மைக் செட் ஸ்பீக்கர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 97 என்பது பெரும்பாலும் நடு ஸ்வரங்களையும் சேர்த்து எடுத்த சராசரி. கீழே 60, 70 ஹெர்ட்ஸில் அதே ஸ்பீக்கர் அவ்வளவு தராது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி, இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் மூன்று பங்காளிகளில் ஒருவரான ஹாஃப்மன் சொன்னது இது. இரும்பு விதி என்றே அழைக்கிறார்கள். நான் பேஸில் கடைசிப் படியை விட்டுக்கொடுத்துவிடுவேன். நாதஸ்வரமும் குரலும் உயிரோடு வருவதுதான் எனக்குப் பெரிது.

ஓசூரில் இருக்கிறீர்கள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு உங்களுக்குப் பக்கம்தான். நேரில் போய்க் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் இஎல் 84 வால்வு நன்றாக இருக்கிறது. அதை ஆம்ப் ஆக்கி 12 இஞ்ச் ஸ்பீக்கரில் மாட்டலாமா?
– பாலக்கோடு வாசகர்

பதில்: மாட்டலாம். ஒற்றை இஎல் 84, அஞ்சு வாட் தரும். மேலே போட்ட கணக்குப்படி அது போதும். இரண்டு எச்சரிக்கை. உள்ளே 250 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இரண்டாவது, ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பில் பாட்டு ஓடவிடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதற்கு மாற்று கிடைப்பது லேசல்ல. அந்த டிரான்ஸ்ஃபார்மர் 4 ஓமுக்கா 8 ஓமுக்கா என்பதையும் பழைய ஸ்பீக்கரை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி 97 டெசிபல் ஸ்பீக்கரும் சின்ன ஆம்பும் செய்தோம். பாட்டு அருமை. ஆனால் பாட்டு நின்றதும் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். பழைய ஸ்பீக்கரில் இது இல்லையே?
– பள்ளி ஆசிரியை, ஊத்தங்கரை

பதில்: பழைய ஸ்பீக்கரிலும் இருந்ததம்மா. காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். பாட்டைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் இரைச்சலையும் அதே அளவு பெரிதாக்கும். ஆம்பிலிருந்து ஒரே ஒரு மில்லிவோல்ட் இஸ்ஸ் கசிந்தாலும் 97 டெசிபல் ஸ்பீக்கர் அதை 28 டெசிபலாக்கிக் காட்டும். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் ஊரே அமைதி. அப்போது பேட்டரியில் ஆம்பைப் போட்டால் இந்த இஸ்ஸ் தெளிவாகக் கேட்கும்.

உங்களுடையது ம்ம்ம் என்கிறீர்கள், ஆக வேறு காரணம். இன்புட் வயரைக் கழற்றிவிட்டு, அந்தச் சாக்கெட்டின் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் ஒரு சிறு கம்பியால் சேருங்கள். சத்தம் நின்றால் தப்பு வெளியே, அதாவது வயரிலோ பாட்டு வரும் பெட்டியிலோ இருக்கிறது. நிற்கவில்லையென்றால் ஆம்புக்குள் இருக்கிறது.

உள்ளே என்றால் எர்த் வயர்களைப் பாருங்கள். போன மாதம் என் மேசைக்கு வந்த ஒரு ஆம்பில் ஸ்பீக்கரின் எர்த், இன்புட்டின் எர்த், டயோடு பக்கத்து எர்த் மூன்றும் ஒன்றின் வாலில் ஒன்றாக, மாலை கோத்த மாதிரி போயிருந்தது. டயோடு வழியாக கண்டன்சருக்கு வினாடிக்கு நூறு முறை பாயும் கரண்ட், இன்புட்டின் எர்த்தையும் தொட்டுக்கொண்டே போகிறது. இரைச்சல் வராமல் என்ன செய்யும்? மூன்றையும் வெட்டினேன். பெரிய கண்டன்சர் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பியை ஈயம் வைத்து நிறுத்தி, ஒவ்வொரு எர்த்தையும் தனித்தனி வயரில் அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். முக்கால்வாசி இரைச்சல் போயிற்று. மீதிக்கு, டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளைத் தளர்த்தி, பிளக்கைப் பிடுங்கிக் கால்வாசி திருப்பி, மறுபடி போட்டுக் கேட்டேன். இரண்டாவது திருப்பலில் அடங்கியது. கோனுக்குள் காதை வைத்தால்தான் கேட்டது.

கேள்வி: ட்வீட்டர் (கீச்சு ஸ்வரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) மட்டும் காதைக் குத்துகிறது. என்ன செய்ய?
– மொரப்பூர் வாசகர்

பதில்: கூம்பு ட்வீட்டர் உங்கள் 12 இஞ்சை விட அதிக சென்சிடிவிட்டி. 8 ஓம் ட்வீட்டராக இருந்தால் வரிசையில் 3.9 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 8.2 ஓம், இரண்டும் 10 வாட் ரெசிஸ்டர். 6 டெசிபல் குறையும். கண்டன்சர் 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்து அனுப்பும். பிளஸ், மைனஸ் போட்ட கண்டன்சரை இங்கே வைக்காதீர்கள்.

கேள்வி: மாந்தோப்புக் கொட்டகையில் கரண்ட் இல்லை. 12 வோல்ட் பேட்டரியில் பாட்டு கேட்க வழி?
– போச்சம்பள்ளி விவசாயி

பதில்: டிடிஏ 2030-ஐ 12 வோல்ட் பேட்டரியில் போட்டால் 8 ஓமில் இரண்டு வாட்கூடத் தேறாது. டிடிஏ 7297 போர்டு வாங்குங்கள். ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இரண்டு பக்கமிருந்து தள்ளி இழுக்கும் அமைப்பு அது, அதே பேட்டரியில் மூன்று மடங்குக்கு மேல் தரும். ஸ்பீக்கர் மைனஸை மட்டும் எர்த்தில் சேர்த்துவிடாதீர்கள், ஐசி போய்விடக்கூடும். 97 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று போதும், கொட்டகைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலிலும் கேட்கும். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிட்டு மாட்டுங்கள்.