பரிசோதனைக்குப் போகும் காருக்கு 2,300 வெள்ளி செலவு தேவையா?

கேள்வி: நான் செந்தூலில் வசிக்கிறேன். 2018-இல் வாங்கிய பெரோடுவா பெஸ்ஸா காரை இதுவரை சொந்த உபயோகத்துக்குத்தான் ஓட்டினேன். இப்போது இ-ஹெய்லிங் ஓட்டலாம் என்று அதற்கான உரிமம் எடுத்திருக்கிறேன். கார் மூன்று வயதைத் தாண்டிவிட்டதால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வழக்கமாகப் போகும் பட்டறையில் காட்டியபோது நான்கு அப்சோர்பர் (அதிர்வு தாங்கி), கியர் எண்ணெய், இன்ஜெக்டர் கழுவுதல், ஏர்கோன் சர்வீஸ், எலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 2,300 வெள்ளி ஆகும், செய்யாவிட்டால் 'பாஸ்' ஆகாது என்றார். எனக்கோ கார் நன்றாக ஓடுவதாகத்தான் தெரிகிறது. ஐயா, அங்கே உண்மையில் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

பதில்: பட்டியலில் எலைன்மென்ட் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அப்சோர்பரை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மற்றவற்றுக்கு இந்தப் பரிசோதனையை முன்னிட்டுப் பணம் கட்ட வேண்டியதில்லை. பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை ஆண்டு ஓடிய காருக்கு அவை எல்லாமே என்றாவது செய்ய வேண்டிய வேலைகள்தாம். ஆனால் ஏர்கோன் குளிர்கிறதா, கியர் வழுக்காமல் விழுகிறதா என்றெல்லாம் பரிசோதகர் கேட்பதில்லை. இது கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) எழுதியிருக்கும் அதே கார்தானா, மிதித்தால் நிற்குமா, நேராகப் போகுமா, இரவில் வழி தெரியுமா, பிறர் கண்ணில் படுமா, புகை அளவோடு இருக்கிறதா என்பவைதான் அவருடைய கேள்விகள். அதனால்தான் எஞ்சின் சத்தம் போடும் கிழட்டுக் கார் தேறிவிடுவதும், பளபளவென்று ஓடும் கார் ஒரு நம்பர் பிளேட்டுக்காகத் திரும்பி வருவதும் நடக்கிறது.

நம் மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெரும்பாலோர் காரை விற்கும்போதுதான் முதல்முறையாகப் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைகிறார்கள். பெயர் மாற்றத்துக்கு பி5, பழைய காரை வங்கிக் கடனில் வாங்குவதற்கு பி7 என்று தனித்தனிப் பரிசோதனைகள் உண்டு. கடை வைத்திருக்கும் மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ 'நம்பரைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்' என்று சொன்னால், அவர் பெயர் மாற்றத்துக்குப் போய் வந்த அனுபவத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது வாடகைக்குப் பயணிகளை ஏற்றப் போகும் கார். அதற்கு முழுப் பரிசோதனை உண்டு, ஆண்டுதோறும் உண்டு. 1994 முதல் 2024 ஆகஸ்ட் 31 வரை இந்தப் பணி முழுவதும் புஸ்பாகோம் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களுக்கும் அரசாங்கம் வழி திறந்துவிட்டது. செந்தூலிலிருந்து அதிகத் தொலைவில்லாமல் வங்சா மாஜுவில் ஒரு நிலையம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

முதலில் பார்ப்பது அடையாளம். சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். திருட்டுக் கார்களையும், விபத்தில் சிக்கிய இரண்டு கார்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியவற்றையும் பிடிப்பதற்காகவே இந்தக் கட்டம் இருக்கிறது. எண் பொறித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். லேசாகத் துருப்பிடித்திருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்ந்த எண்ணும் திருத்திய எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்துவிட்டால் விவகாரம் காவல்துறை வரை போகக்கூடும். காரின் நிறத்தை மாற்றியிருந்தாலும் எஞ்சினை மாற்றியிருந்தாலும் முதலில் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிவைச் சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நம்பர் பிளேட்டும் அடையாளத்தைச் சேர்ந்ததே. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10 என்பது காருக்கான விதி. சாய்ந்த எழுத்து, நெருக்கி அடித்த எழுத்து, எண்ணை ஒரு பெயர்போல வாசிக்க வைக்கும் இடைவெளி ஆகியவை எல்லாம் இங்கே தவறிவிடும். இருபது முப்பது வெள்ளி பிளேட்டுக்காக அரை நாள் வருமானத்தை இழப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது டின்டட் கண்ணாடி. இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கடைக்காரர் சொன்ன கணக்கை நம்பிப் போய்த் தவறுகிறவர்கள் நிறையப் பேர். முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், ஓட்டுநரின் இருபுறமும் உள்ள முன் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். பரிசோதகரின் ஒளிமானி அளப்பது ஒட்டிய தாளை மட்டும் அன்று. கண்ணாடியும் தாளும் சேர்ந்து எவ்வளவு ஒளியை விடுகின்றன என்பதையே அது காட்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடியே முழு ஒளியையும் விடுவதில்லை. அது 80 விழுக்காடு விடுகிறது என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் '70 விழுக்காடு' என்று விற்ற தாளை ஒட்டினால், 80-ஐ 0.7-ஆல் பெருக்கி வருவது 56. தாளின் உறையில் இருக்கும் எண் சரிதான், ஆனாலும் முன் கண்ணாடி தவறிவிடும். டின்டட் கடையில் மானி இருக்கும். ஒட்டிய கண்ணாடியின் மேல் வைத்து உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். தனியார் வாகனங்களின் பின் கண்ணாடிகளுக்கு 2019 மே மாதத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது உண்மைதான். இருந்தாலும் அந்நியரை ஏற்றிச் செல்லும் காரில் பின்னிருக்கை வெளியிலிருந்து தெரியும்படி இருப்பதே ஓட்டுநருக்கும் நல்லது, பயணிக்கும் நல்லது என்பது என் கருத்து.

காரைச் சுற்றி வந்து பார்ப்பவை பலவும் நீங்களே பத்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியவை. முன் கண்ணாடியில் விரிசல், வைப்பர், ஹார்ன், பக்கக் கண்ணாடிகள், கதவுகள், ஐந்து இருக்கைவார்களும் இழுத்தால் பூட்டிக்கொள்வது, விட்டால் சுருள்வது, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, பின் நம்பர் பிளேட்டுக்கு மேலிருக்கும் சிறு விளக்கு. இந்தக் கடைசி விளக்கு அணைந்துபோனது உரிமையாளருக்கு மாதக்கணக்கில் தெரிவதில்லை. பின்னிருக்கைவார்கள் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடந்தால் தோண்டி எடுத்து வையுங்கள். 2009 முதல் அவை பின்னிருக்கைப் பயணிகளுக்கும் கட்டாயம். இ-ஹெய்லிங் காருக்குரிய தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில், உருளாதபடி பொருத்திக்கொள்ளுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகளே அதற்கான அடையாளம். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. வெளி விளிம்பை மட்டும் பார்க்காமல் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி உள் விளிம்பையும் பாருங்கள். எலைன்மென்ட் தவறிய கார் பெரும்பாலும் உள்ளே தேய்ந்துவிட்டு வெளியே புதிதுபோல் நிற்கும்.

எலைன்மென்டை நான் தள்ளாததற்குக் காரணம் பக்கவழுக்குச் சோதனை. பக்கவாட்டில் நகரக்கூடிய ஒரு தகட்டின் மேல் முன் சக்கரத்தை மெதுவாக ஏற்றி இறக்குவார்கள். இரண்டு சக்கரங்களும் நேராகப் பார்த்தால் தகடு அசையாது. மூக்கு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால் தகட்டைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் எத்தனை மீட்டர் விலகும் என்ற கணக்கில் அந்தத் தள்ளல் பதிவாகும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் என்டில் ஆட்டம் இருக்கும்போது எலைன்மென்ட் செய்வது வீண் செலவு. ஆட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

பிரேக்கை உருளைகளின் மேல் வைத்து அளப்பார்கள். உருளைகள் சக்கரத்தைச் சுழற்றும்போது பிரேக்கை மெல்ல மிதிக்க, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று திரையில் எழும். அவற்றின் கூட்டுத்தொகையைக் காரின் எடையோடு ஒப்பிட்டு மொத்தத் திறனைப் பார்ப்பார்கள்; ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் பார்ப்பார்கள். நன்றாக நிற்கும் கார்கள் தவறுவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான், ஏனெனில் ஒரு பக்கம் பலவீனமாக இருந்தாலும் மறுபக்கம் ஈடுகட்டிவிடுவதால் ஓட்டுபவரின் காலுக்கு அது தெரிவதில்லை. முன்னால் காலிப்பர் ஊசி இறுகிப்போவதும், பின் டிரம்முக்குள் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூவில் எண்ணெய் படுவதும் வழக்கமான காரணங்கள். ஆளில்லாத நேரான சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பட்டறையில் நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பட்டறைக்காரரின் பட்டியலில் இந்த வேலை இல்லாததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஹேண்ட் பிரேக்கையும் இதே உருளையில் தனியாகச் சோதிப்பார்கள். உங்கள் காரின் பின்பக்கம் டிரம் என்பதால் ஷூ தேயத் தேயக் கம்பி தளர்ந்து நெம்புகோல் மேலே மேலே வரும். பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடத்துச் சாய்தளத்தில் நியூட்ரலில் வைத்து இழுத்துப் பாருங்கள். கார் நகர்ந்தால் சரிசெய்ய ஆகும் நேரம் அரை மணிக்குள்தான்.

இப்போது அப்சோர்பர். சக்கரத்துக்கு அடியில் உள்ள தகட்டை வேகமாக அதிரவைத்து, அதிர்வு அடங்கும்போது டயர் தகட்டை எவ்வளவு அழுத்தமாகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று அளப்பதே இந்தச் சோதனையின் வழி. கார் நிற்கும்போது உள்ள எடையில் எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்று எண் வரும். தேய்ந்த அப்சோர்பர் சக்கரத்தைத் துள்ளவிடும், எண் சரியும். டயரில் காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் எண் கெடும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்றை வைத்துக்கொண்டால் சில நேரம் அதுவே போதும். அப்சோர்பரின் உடல் முழுவதும் எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். வெறும் தூசி படிந்திருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். மாற்ற வேண்டி வந்தாலும் அந்த அச்சுக்குரிய இரண்டை மாற்றுங்கள். நான்கும் ஒரே நாளில் செத்துப்போவது அரிது.

பள்ளத்தின் மேல் காரை நிறுத்தி அடியில் பார்க்கும்போது பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை, பிரேக் குழாய், எண்ணெய்க் கசிவு, எக்ஸோஸ் (புகைக்குழாய்) ஓட்டை, துரு, ஒட்டுவேலை ஆகியவை தெரியவரும். கிழிந்த ரப்பர் உறை இன்றைக்கு ஒரு சின்ன விஷயம். கிரீஸ் வெளியேறி மணலும் மழைநீரும் உள்ளே போன பிறகு முழு ஷாஃப்டையே மாற்ற நேரிடும். எஞ்சினைக் கழுவ விரும்பினால் இரண்டு நாள் முன்னதாகக் கழுவுங்கள். அப்போதுதான் புதிதாகக் கசிவது எங்கிருந்து என்று உங்களுக்கும் தெரியும்.

முகப்பு விளக்கில் வெளிச்சத்தின் அளவோடு அது விழும் இடத்தையும் கருவி பார்க்கும். ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் இணையத்தில் வாங்கிய எல்இடி பல்பைப் பொருத்தியிருந்தால் பழையதை மாட்டிக்கொண்டு போங்கள். ஹாலஜனில் ஒளி பிறக்கும் கம்பி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே பிரதிபலிப்பான் வளைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் இம்மியளவு மாறினாலும் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நமக்கு வெளிச்சம் கூடியதுபோல் தோன்றுவதே இதில் உள்ள வஞ்சகம்.

புகைச் சோதனையில் பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அளவிடப்படும். எக்ஸோஸில் உள்ள வினையூக்கி சூடேறினால்தான் வேலை செய்யும் என்பதால், கால் மணி நேரமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போய்ச் சேருங்கள். வரிசையில் நெடுநேரம் அணைத்துவைக்காதீர்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, நிற்கும்போது உதறல் இல்லை என்றால் இன்ஜெக்டர் கழுவுதல் இப்போது தேவையில்லை. காற்று வடிகட்டி கறுத்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

காரின் பின்பெட்டியில் உள்ள சாமான்களை இறக்கிவிட்டுக் காலி காராக எடுத்துப் போங்கள். ஏதாவது ஒன்றில் தவறினாலும் கலங்க வேண்டாம். எந்தச் சோதனையில், எந்த அச்சில், எந்தப் பக்கம் குறைவு என்று தரும் அறிக்கையைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அந்த வரியை மட்டும் பட்டறைக்காரரிடம் காட்டி அதற்கு மட்டும் விலை கேளுங்கள்.