பூவனுக்குத் தாய் எந்தக் காடு? வாழைக் கேள்வி பதில்

லால்குடி: பூவனுக்கு ஏன் விதை இல்லை?

பூவனில் இரண்டு பங்கு அக்யூமினேட்டா என்ற காட்டு வாழை, ஒரு பங்கு பால்பிசியானா என்ற இன்னொரு காட்டு வாழை. முன்னதுக்கு ஏ, பின்னதுக்கு பி; ஏஏபி என்று எழுதுவோம். பங்குக்கு 11 குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை), மொத்தம் 33. மூன்று பங்கை இரண்டாகப் பிரிக்க வழியில்லை, விதை கட்டாது. பழத்துக்குள் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் போனவை. அதனால்தான் கன்று வைக்கிறோம். வாடல் நோய் வந்த தோட்டத்துக் கன்றை மட்டும் எடுக்காதீர்கள்.

மயிலாடுதுறை: காட்டிலேயே காணாத வாழை முன்னோரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. காட்டு வாழைகளின் மரபணுவைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். அப்புறம் தோட்ட வாழையின் குரோமோசோமில் எந்தத் துண்டு எதோடு ஒத்துப்போகிறதோ அந்த நிறத்தைப் பூசுங்கள். ஒரே குரோமோசோம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி பல நிறமாக வரும். கடைசியில் எந்த நிறமும் பொருந்தாத துண்டுகள் மிஞ்சும். அதே துண்டுகள் பல வகைகளில் திரும்பத் திரும்ப வந்தால், அவற்றைக் கொடுத்த ஒரு காட்டு வாழை இருந்தே தீர வேண்டும். 2022இல் 68 காட்டு மாதிரிகளையும் 154 பயிர் வகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இப்படி மூன்று முன்னோர் உண்டு என்றார்கள். தாய்லாந்து வளைகுடாப் பக்கம் ஒன்று, போர்னியோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் நடுவே ஒன்று, நியூ கினித் தீவில் ஒன்று என்பது அவர்கள் ஊகம். எந்தச் செடி என்று அப்போது யாராலும் காட்ட முடியவில்லை. அழிந்துவிட்டதோ, ஏதோ ஒரு மலைச்சரிவில் நிற்கிறதோ! நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கும்பகோணம்: சங்கப் பாட்டிலேயே வாழை இருக்கிறது. நியூ கினி எதற்கு?

பாட்டு, வாழை இங்கே பழையது என்று காட்டும். இங்கேதான் முதலில் பயிரானது என்று காட்டாது. நியூ கினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயம் உண்டு.

தொட்டியம்: பால்பிசியானா இந்தியக் காட்டிலும் வளர்கிறதே?

அண்ணன் சொல்வது சரி. கிழக்கிலிருந்து மனிதர்களோடு வந்த ஏ வாழை, நம் பக்கத்துப் பி வாழையோடு இங்கேயே கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கும்பகோணத்துக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடட்டும், நானும் கூடச் சேர்கிறேன்.

மன்னார்குடி: ரஸ்தாளிக் கன்று எங்கே கிடைக்கும்?

இதே கேள்வி இன்று நான்காவது முறை. தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். ரஸ்தாளியை வாடல் சீக்கிரம் பிடிக்கும். நோய்த் தோட்டத்துக் கன்று வேண்டவே வேண்டாம்.

திருவையாறு: கொல்லையில் தாத்தா காலத்து வாழை, பழமெல்லாம் கொட்டை. வெட்டிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். கொட்டை மிளகு மாதிரி கறுப்பாக, கடினமாக இருக்கிறதா? இலைக்காம்பைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மேலே உள்ள வாய்க்கால் விரிந்து திறந்திருந்தால் அக்யூமினேட்டா சாயல்; ஓரங்கள் உள்ளே மடங்கி மூடியிருந்தால் பால்பிசியானா. 1955இல் வாழை ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் இரண்டையும் பிரித்தறிய வகுத்த 15 அடையாளங்களில் இது ஒன்று. அறுத்த காம்பு, பூ, தார் மூன்றையும் படமெடுத்துத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் காட்டுங்கள். அதுவரை அந்தக் குத்து அங்கேயே நிற்கட்டும்.