தோட்டா ஏன் சிக்குகிறது? கைத்துப்பாக்கிப் போட்டியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் 'புல்ஸ்ஐ' என்று வழங்கும் துல்லியக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இறங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. ஒற்றைக் கையால் பிடித்து 25 கஜத்திலும் 50 கஜத்திலும் சுட வேண்டிய போட்டி இது. .22, சென்டர்ஃபயர் (உறையின் அடி நடுவில் பற்றும் தோட்டா), .45 என்ற மூன்று பிரிவுகளிலும் தலா 90 தோட்டாக்கள். மொத்தம் 2700 மதிப்பெண். சென்டர்ஃபயர் பிரிவிலும் பெரும்பாலோர் தங்கள் .45-ஐயே எடுத்துக்கொள்வதால், ஒரே போட்டிக்கு 180 தோட்டாக்கள் தீர்ந்துவிடுகின்றன. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் (காலி உறையில் பிரைமர் என்ற பற்றவைப்பு மூடி, பவுடர், குண்டு ஆகியவற்றைப் பொருத்துவது) இந்த விளையாட்டில் ஊறிப்போனதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பவுடர் எத்தனை கிரெயின் (ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம்) போட வேண்டும் என்று கேட்டிருப்பவர்களுக்கு நான் எண் எதுவும் தரப்போவதில்லை. பவுடர் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்து, உங்கள் குண்டின் எடைக்கும் வடிவத்துக்கும் உரிய குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்குவதே முறை. வேறு யார் சொல்லும் அளவையும், நான் சொல்வதையும் சேர்த்துத்தான், அட்டவணையோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

கேள்வி: என்னிடம் இருப்பது 5 அங்குலப் பேரல் (குழல்) கொண்ட 1911 வகை .45 கைத்துப்பாக்கி. கடையில் வாங்கும் 230 கிரெயின் உருண்டைமுனைத் தோட்டாவில் எந்தத் தொல்லையும் இல்லை. நானே நிரப்பும் 200 கிரெயின் செமி-வாட்கட்டர் (மூக்கு தட்டையாக, தோள் வைத்த குண்டு) மட்டும் ஒவ்வொரு மேகசினிலும் ஒன்றிரண்டு சிக்குகிறது. துப்பாக்கியின் ஃபீட் ராம்பை (தோட்டா மேலேறிப் பேரலுக்குள் போகும் சரிவை) மெருகேற்றச் சொல்லி நண்பர்கள் கூறுகிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு ராம்பைத் தொடவே வேண்டாம். தேய்த்த இரும்பு திரும்ப வளராது. 1911-இல் ஃபிரேமில் உள்ள ராம்புக்கும் பேரலின் அடியில் உள்ள சரிவுக்கும் இடையே ஏறக்குறைய 1/32 அங்குலப் படி ஒன்று இருக்க வேண்டும். மெருகேற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் படியை வழித்துச் சமப்படுத்தி, ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கியைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். கடைத் தோட்டா தடையின்றி ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சந்தேகம் முதலில் தோட்டாவின் மீதும், அடுத்து மேகசினின் மீதும், அதன் பிறகே துப்பாக்கியின் மீதும் விழ வேண்டும். செலவில்லாததும் திரும்ப மாற்றிக்கொள்ளக் கூடியதுமான சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) கிட்டத்தட்ட மூடி, கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் தோட்டா சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்) முழுதாக உட்காரவில்லை என்று பொருள். துப்பாக்கியைக் காலி செய்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்த பின் பேரலைக் கழற்றி எடுத்து, நீங்கள் நிரப்பிய தோட்டாவைச் சேம்பருக்குள் போட்டுப் பாருங்கள். நல்ல தோட்டா தன் எடையிலேயே 'டக்' என்ற ஓசையோடு விழும். அதன் அடிப்பாகம் பேரலின் பின்விளிம்போடு சமமாக நிற்கும். பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே வந்துவிடும். அப்படி விழாத தோட்டாவின் மேல் முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசி, மீண்டும் சேம்பருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். உறையின் வாய் ஓரத்தில் அழிந்திருந்தால் கிரிம்ப் (வாயைக் குண்டின் மேல் நெருக்குவது) போதவில்லை. குண்டின் தோளில் அழிந்திருந்தால் குண்டு வெளியே அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. வாயருகே ஈயச் சுருள் மெல்லிய வளையமாகப் பிதுங்கி நின்றால், குண்டை வைப்பதற்கு முன் வாயைப் போதிய அளவு விரிக்கவில்லை, அதனால் உறை குண்டைச் சீவிவிட்டது என்று அறியலாம்.

அளவுகளைப் பொறுத்தவரை, .45 ஏ.சி.பி. தோட்டா சேம்பருக்குள் உறையின் வாயை ஊன்றித்தான் நிற்கிறது. ஆகவே இதற்கு வாயை மெல்லச் சரிவாக நெருக்கும் டேப்பர் கிரிம்ப் மட்டுமே பொருந்தும். ரிவால்வர் தோட்டாவுக்குச் செய்வதுபோல் வாயை உள்ளே மடித்துவிடக் கூடாது. 0.452 அங்குல ஈயக் குண்டுக்கு, வாயின் விளிம்பில் கேலிப்பர் 0.470 அங்குலத்தை ஒட்டிக் காட்டினால் போதும். அதைவிட இறுக்கினால் ஈயம் நசுங்கித் துல்லியம் போய்விடும். நீளத்தில் பலரும் தவறுவதற்குக் காரணம், எல்லாக் குண்டுக்கும் ஒரே மொத்த நீளத்தைப் பிடித்துக்கொள்வதுதான். ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் 68 வடிவத்தைப் பின்பற்றும் 200 கிரெயின் குண்டுக்கு 1.250 அங்குலம் அளவில் ஓடும் என்றாலும், மூக்கு குட்டையான வேறொரு குண்டுக்கு அந்த எண் செல்லாது. குண்டின் தோள், உறையின் வாய்க்கு மேலே கட்டைவிரல் நகத்தின் கனத்துக்குத் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். செமி-வாட்கட்டர் எந்த மூக்கு கொண்டதாக இருந்தாலும் இந்த அடையாளத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் அட்டவணை காட்டும் நீளத்தைவிடக் குட்டையாக்குவது அழுத்தத்தைக் கூட்டும் என்பதை மறக்கக் கூடாது.

இனி, ஸ்லைடு பாதி வழியிலேயே நின்று, தோட்டாவின் மூக்கு கீழ்நோக்கி ராம்பில் குத்திக்கொண்டிருந்தால் மேகசினைப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தால், ஸ்லைடு முன்னே வரும் வேகத்துக்கு ஈடாக அடுத்த தோட்டா மேலே எழும்புவதில்லை. மேலும் 1911 உருண்டைமுனைக் குண்டுக்காக உருவான துப்பாக்கி. வாட்கட்டர் குண்டுக்கென்றே உதடுகள் வடிவமைக்கப்பட்ட மேகசின், தோட்டாவைச் சற்று முன்னதாகவே விடுவித்து நிமிர வைக்கிறது. ஒரே ஒரு மேகசினை மாற்றியதும் இந்தத் தொல்லை முழுவதும் தீர்ந்துபோவது மிகச் சாதாரணம்.

இவ்வளவுக்கும் பிறகும் சிக்கினால்தான் எக்ஸ்ட்ராக்டரை, அதாவது உறையின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கியைப் பார்க்க வேண்டும். பிரைமரும் பவுடரும் இல்லாத போலித் தோட்டா ஒன்றை, கழற்றிய ஸ்லைடில் கொக்கியின் அடியில் நுழைத்து மெல்ல ஆட்டுங்கள். தோட்டா கீழே விழாமல் நிற்க வேண்டும். ஆனால் அதை நுழைக்க விரலால் அழுத்தி மல்லுக்கட்ட வேண்டியிருக்கக் கூடாது. கொக்கி மிகவும் இறுகியிருந்தால் தோட்டா அதன் அடியில் ஏற முடியாமல் ஸ்லைடு நின்றுவிடும். சேம்பருக்குள் கையால் தோட்டாவைப் போட்டு ஸ்லைடை அறைந்து மூடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தோட்டா மேகசினிலிருந்து எழுந்து கொக்கியின் அடியில் நழுவி ஏறுவதுதான் 1911-இன் அமைப்பு; நீங்கள் செய்வதில் கொக்கி ஒவ்வொரு முறையும் விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஸ்லைடின் மேல் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் பார்வைக்கருவி) பொருத்திய நாளிலிருந்து, சுட்ட காலி உறை வெளியேறாமல் புகைபோக்கிபோல் நிமிர்ந்து மாட்டிக்கொள்கிறது. தோட்டா அதே பழைய தோட்டாதான்.

பதில்: தோட்டா பழையதே என்றாலும் ஸ்லைடு பழைய எடையில் இல்லை. எடை கூடிய ஸ்லைடை, 25 கஜத்துக்கென்று நிரப்பிய மென்மையான தோட்டாவால் முழுத் தூரம் பின்னே தள்ள முடியவில்லை. ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் ஆலையிலிருந்து வரும்போது 16 பவுண்டு; 14, பிறகு 12 என்று படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். காலி உறைகள் உங்கள் வலப்புறம் சில அடி தூரத்தில் ஒரே இடத்தில் விழத் தொடங்கினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். முழு வேகக் கடைத் தோட்டா சுடும் நாளில் 16 பவுண்டு ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடு ஃபிரேமில் ஓங்கி மோதும். ஒரு கையால் பிடிக்கும்போது மணிக்கட்டு தளர்வதும் இதே தொல்லையைத் தரும் என்பதால், வேறொருவர் கையில் கொடுத்துச் சுடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் வாங்குவது நல்லது.

கேள்வி: இரும்புப் பார்வைக்குறியிலிருந்து டாட்டுக்கு மாறினால் மதிப்பெண் கூடுமா?

பதில்: கண் வயதாகி முன்குறி மங்கத் தொடங்கியவர்களுக்கு நிச்சயம் கூடும். மற்றவர்களுக்கு உடனே கூடும் என்று சொல்ல மாட்டேன். போட்டியாளர் ஹெர்ஷல் ஆண்டர்சன் 1974-இல் 2700-க்கு 2680 எடுத்தது இரும்புக் குறியோடுதான். டாட் உங்கள் கையின் நடுக்கத்தைக் குறைப்பதில்லை, கூடுதலாகக் காட்டுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறி, புள்ளி நடுவைக் கடக்கும் கணத்தில் விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் புதிதாக மாறுபவர்களின் நோய். 50 கஜ இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம். 4 எம்.ஓ.ஏ. (பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) புள்ளி அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 2 அங்குலத்தை மறைக்கிறது. புள்ளி கறுப்புக்குள் அமைதியாக ஆடட்டும் என்று விட்டுவிட்டு, விசையை நேராக, நிற்காமல் பின்னே அழுத்தப் பழகுங்கள். புள்ளியின் பிரகாசத்தையும் கண்ணுக்கு உறுத்தாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோட்டா நிரப்புவதில் நான் புதியவன். ஒரே மூச்சில் எல்லாம் செய்யும் புரோகிரஸிவ் பிரஸ் வாங்கலாமா, சிங்கிள் ஸ்டேஜ் போதுமா?

பதில்: வாரத்துக்கு நூறு தோட்டா போதும் என்றால் சிங்கிள் ஸ்டேஜில் தொடங்குங்கள். ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் செய்யும்போதுதான் எந்த டை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) என்ன செய்கிறது என்பது கைக்குப் புரியும். போட்டிக்குப் போகத் தொடங்கியபின் புரோகிரஸிவ் இல்லாமல் முடியாது; கையால் சுழற்றும் டில்லன் 550 போன்றது இந்த விளையாட்டில் பரவலாக இருக்கிறது. ஆனால் கையால் சுழற்ற வேண்டிய பிரஸ்ஸில், தொலைபேசி மணி அடித்து எழுந்துபோய்த் திரும்பி வந்தவர், சுழற்ற மறந்து அதே உறையில் இரண்டாம் முறை பவுடர் போட்டுவிட முடியும். போட்டியின் பெயரையே கொண்ட புல்ஸ்ஐ பவுடர் 1898-இலிருந்து இருந்துவரும் நல்ல பவுடர்தான், ஆயினும் .45 உறையில் அதன் ஒரு பங்கு பாதியைக்கூட நிரப்புவதில்லை, ஆகவே இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாமல் அடங்கிவிடும். பிரஸ்ஸின் மேல் ஒரு சிறு விளக்கைப் பொருத்தி, குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் கண்ணால் பாருங்கள். வேலை தடைப்பட்டால் பிரஸ்ஸில் நிற்கும் உறைகள் அத்தனையையும் எடுத்துப் பவுடரைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: பொறுக்கிச் சேர்த்த .45 உறைகளில் சிலவற்றில் பிரைமர் உள்ளே போக மறுத்து நசுங்குகிறது.

பதில்: .45 உறைகள் வழக்கமாகப் பெரிய பிரைமர் கொண்டவை. சிறிய பிரைமர் துளையுள்ள உறைகளும் இப்போது சந்தையில் கலந்து வருகின்றன. நிரப்புவதற்கு முன் அடிப்பாகத்தைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். போகாத பிரைமரை ஒருபோதும் பலம் கொடுத்து அழுத்தாதீர்கள். பிரைமர் அழுத்தத்தில் வெடிக்கவே செய்யப்பட்டது.

கேள்வி: ரேபிட் சுற்றின் நடுவில் ஒரு தோட்டா 'பொட்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கொடுத்தது. ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. செய்தது சரியா?

பதில்: தவறு, ஆபத்தான தவறு. பவுடர் விழாத தோட்டாவில் பிரைமரின் விசை மட்டுமே குண்டைப் பேரலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அதன் பின்னால் அடுத்த குண்டு போனால் பேரல் புடைக்கும், சில சமயம் பிளக்கும். 10 வினாடியில் ஐந்து தோட்டா சுட வேண்டிய அவசரத்தில் கை தானாக ஸ்லைடை இழுத்துவிடும் என்பது உண்மை. அதனால்தான் சத்தத்தைக் கேட்கும் காதைப் பழக்க வேண்டும். சத்தமோ பின்னுதைப்போ குறைந்தால் நிறுத்துங்கள். துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டி அரை நிமிடம் பொறுத்து, மேகசினை எடுத்து, ஸ்லைடைத் திறந்து, நடுவரை அழைத்து, கோல் விட்டுப் பேரல் காலியா என்று பாருங்கள். துப்பாக்கி கோளாறு செய்த சுற்றை மீண்டும் சுட 'அலிபை' விதி இருக்கும்போது அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: .22 தோட்டாவையும் நாமே நிரப்ப முடியுமா? என் .22 கைத்துப்பாக்கி மாடல் 41 அதிவேகத் தோட்டாவில் அடிக்கடி சிக்குகிறது.

பதில்: நடைமுறையில் முடியாது. ரிம்ஃபயர் உறையின் விளிம்புக்குள்ளேயே பற்றுமருந்து இருக்கிறது. சுட்டதும் அந்த விளிம்பு நசுங்கிவிடுகிறது. ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41-க்கு அதிவேகத் தோட்டாவை விட்டுவிட்டு, 40 கிரெயின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவுக்கு மாறுங்கள். அதன் சேம்பர் இறுக்கமானது, வகைக்கு வகை முகம் காட்டும். .22 குண்டின் மெழுகும் ஈயமும் சேர்ந்து சேம்பரின் முன்முனையில் வளையமாகப் படிவதும் உண்டு. வெண்கலப் பிரஷ்ஷால் சேம்பரை மட்டும் நான்கு தேய்ப்புத் தேய்த்தாலே பல துப்பாக்கிகள் திருந்திவிடும்.

கேள்வி: நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். இதையெல்லாம் இங்கே வீட்டில் செய்யலாமா?

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும்; சுடுவதற்கான உரிமம் அதற்குப் போதாது. நீங்கள் .22 பிரிவில் சுடுபவர் என்றால் இழப்பும் இல்லை. கிடைக்கும் வகைகளில் ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தயாரிப்புத் தொகுதியிலும்) ஒரு பெட்டி வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியில் ஊன்றிச் சுட்டுப் பார்த்து, இலக்கில் குண்டுத் துளைகளின் கூட்டம் சிறிதாக விழும் லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோட்டா நிரப்பும் அறையில் குழந்தைகள் வரலாமா?

பதில்: வரவிடாதீர்கள். சுட்ட உறைக்குள் இருக்கும் பிரைமர் கசடில் ஈயம் உண்டு. உறைகளைச் சுழற்றித் துலக்கும் உலர் டம்ளரைத் திறக்கும்போது பறக்கும் தூசியில் அதுவே கலந்திருக்கிறது. உறைகளை நீரில் போட்டு எஃகு ஊசிகளோடு சுழற்றும் முறை மேலானது. மேசையில் சாப்பிடவோ காப்பி குடிக்கவோ கூடாது. முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: எத்தனை மேகசின் வைத்துக்கொள்வது?

பதில்: நான்கு போதும். ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் எண் எழுதுங்கள். சிக்கல் வந்தால் எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே எண் மறுபடியும் வந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவிடுங்கள். காங்கிரீட் தரையில் விழுந்த மேகசினின் உதடுகளைக் கேலிப்பரால் அளந்து, விழாத ஒன்றோடு ஒப்பிட்ட பிறகே போட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள்.