வாசகர் கேள்வி – பதில்: லயத்தை விட்டுப் போன செங்கொடி

கேள்வி: என் பாட்டனார் செங்கொடிச் சங்கக்காரர். இன்று எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அந்தச் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை. தொழிலாளிகள் இடதுசாரிகளை விட்டு ஏன் விலகினார்கள்?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: முதலில் விலகியது யார் என்று கேட்க வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தபோது தொழிலாளர் பக்கம் நின்றது இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. இதைக் கண்டு மிரண்ட அரசாங்கம் தோட்டத் தமிழரிடமிருந்து 1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் பறித்தது. குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் வாக்காளர் இடாப்பில் பேர் இல்லாதவருக்காகப் பேசி ஆசனம் பிடிக்க முடியாது. அதன்பின் மலைநாட்டில் வெல்ல அவர்களுக்குச் சிங்களக் கிராமத்து வாக்கே போதும் என்றாகிவிட்டது.

1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தது, என்.எம். பெரேரா நிதி அமைச்சரானார். அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியாவோடு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாத 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலையெண்ணிப் பங்கு போட்டார்கள். அமைச்சரவையில் இருந்த செங்கொடிக்காரர்கள் பதவியை விடவில்லை. 1970இல் வந்த கூட்டரசாங்கத்தில் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாதான் பெருந்தோட்ட அமைச்சர். 1973–74 பஞ்சத்தில் கிராமத்தாருக்கு ஒரு துண்டு வயலாவது இருந்தது. லயத்தில் பங்கீட்டு அரிசியையும் மாவையும் விட்டால் வேறொன்றும் இல்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 பொதுத் தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் நாடு முழுக்க ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாவில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார்.

கேள்வி: சந்தா ஒரு சங்கத்துக்கு, வாக்கு வேறு கட்சிக்கு என்றால் தலைவர் உதவ மாட்டாராமே? சங்கத்தை எப்படி மாற்றுவது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: வாக்கு இரகசியம், அது தலைவருக்குத் தெரியாது. சந்தா சம்பளத் துண்டில் இருப்பதால் தெரியும். மாற்ற விரும்பினால், சந்தாக் கழிவை நிறுத்தும்படி தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் கொடுங்கள். அதில் உங்கள் பதிவு இலக்கம், சங்கத்தின் பெயர், திகதி, கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு பிரதியில் ஒப்பீசில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு புதிய சங்கத்தின் படிவத்தை நிரப்புங்கள். பலர் புதுப் படிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகல் கடிதத்தை மறந்துவிடுவார்கள். இரண்டு சந்தாவும் வெட்டுப்படும். செக்றோல் (சம்பளப் பதிவேடு) முடிக்கும் நேரத்தில் கொடுத்தால் அந்த மாதமும் பழைய சங்கத்துக்கே போகலாம். அடுத்த துண்டிலும் கழிவு இருந்தால் பிரதியோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

உங்கள் கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. கொழுந்தின் நிறை குறைந்தது என்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால், அன்று மாலையே ஒப்பீசில் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் படிவம் எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். புரட்சியைப் பற்றி வகுப்பு எடுத்தவர்கள் இந்த வேலையைச் சில்லறை வேலை என்று விட்டார்கள். இன்னொன்று: பதிவில் இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவருக்கும் கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சந்தாவே இல்லை. அவர்களை எந்தச் சங்கத்தாலும் ஒரு கட்சிக்குக் கட்டிப்போட முடியாது.

கேள்வி: வேறு நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் இப்படியா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: மேற்கு வங்கத்து அலிப்பூர்துவாரைப் பாருங்கள். பத்தாண்டுகளாகப் புரட்சிகர சோசலிஸ்ட் கட்சியின் கோட்டையாக இருந்த தொகுதி அது என்றால் குறைத்துச் சொன்னதாகும். 1977இலிருந்து 2014 வரை அவர்களுடையது. 2019இல் அங்கே பாரதிய ஜனதா சார்பில் வென்ற ஜோன் பார்லா தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர். சங்கக்காரர் போன பக்கம் தோட்டமும் போனது.

கேள்வி: 2024இல் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்கு. தோட்டம் மறுபடி சிவந்துவிட்டதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த மாவட்டத்தில் வலப்பனை, ஹங்குராங்கெத்தை, கொத்மலை தொகுதிகளும் உண்டு. தோட்டத்து மனதை அறிய நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதி முடிவைத் தனியே எடுத்துப் பாருங்கள். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டத்தில் முதலில் வந்தவர் சஜித் பிரேமதாச, தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க மூன்றாவது. இரண்டே மாதத்தில் வந்த மாற்றத்தைக் கொள்கைப் பற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பழைய தலைமைகள் மீதான சலிப்புத்தான் அதிகம். தேசிய மக்கள் சக்தியின் முதன்மைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி தன் ஆரம்ப காலத்தில், தோட்டத் தமிழரை இந்தியாவின் கருவியாகக் காட்டி, ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று வகுப்பு எடுத்தது முதியவர்களுக்கு நினைவிருக்கிறது. இளையவர்கள் பார்ப்பது சம்பளத்தை. 2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ரூபாவாக்கி, வேலைக்கு வந்தால் அரசாங்கம் தரும் 200 ரூபாவையும் சேர்த்து 1,750 என்றது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பது என்பது இன்னமும் தோட்டத் துரையின் கையில்தான் இருக்கிறது.