லேத்தில் வி.எஃப்.டி. பொருத்தியபின் டாக்கோமீட்டர் எண் தாவுவது பற்றி

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) பொருத்தியபின் உங்கள் லேத்தின் டாக்கோமீட்டர், அதாவது சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர், தவறான எண் காட்டுவதால் ஹால் சென்சாரை (காந்தம் கடந்து செல்வதை உணரும் உறுப்பு) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். அது பழுதாகவில்லை என்றே தோன்றுகிறது. ஸ்பிண்டிலை (லேத்தின் சுழலும் தண்டு) கையால் சுற்றினால் ஒழுங்காக எண்ணும் மீட்டர், மோட்டார் ஓடியதும் நிமிடத்துக்கு 1,440 சுற்று காட்ட வேண்டிய இடத்தில் 3,000க்கும் 9,000க்கும் இடையே தாவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வி.எஃப்.டி.யின் மின் இரைச்சல் சென்சார் ஒயரில் ஏறுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஸ்பிண்டிலில் உள்ள ஒற்றைக் காந்தம் 1,440 சுற்று வேகத்தில் விநாடிக்கு 24 துடிப்புகள்தான் தரும், வி.எஃப்.டி.யோ விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஸ்விட்ச் செய்கிறது; அதன் இரைச்சலையும் மீட்டர் துடிப்பாக எண்ணிவிடுகிறது.

காந்தத்தை மட்டும் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எண் வந்தால் காரணம் மின் இரைச்சல்தான், சந்தேகமே வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் சென்சார் ஒயரையும் மோட்டார் கேபிளையும் ஒரே கட்டாக டேக் போட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் முதலில் பிரிக்க வேண்டியது அதைத்தான். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஷீல்டு கேபிள் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை கொண்ட ஒயர்) மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதன் ஷீல்டை டாக்கோமீட்டர் பக்கத்தில் மட்டும் எர்த் செய்து, சென்சார் முனையில் வெறுமனே வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். அதன் பிறகும் தாவினால் மீட்டரின் சிக்னல், கிரவுண்டு முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்க்கலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: வி.எஃப்.டி.யின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் (ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் இணைப்பானால்) ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், மூடியில் குறித்துள்ள நேரம் வரை காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பின்னரே ஒயரைத் தொடுங்கள்.