ஆளில்லாத கோயிலில் யாருக்குப் பூசை?

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், ஜெர்மனியின் பவேரியாவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரியும் தூத்துக்குடிக் குருவானவர்.)

கேள்வி: சாமி, என் தம்பியும் ஜெர்மனியில் குருவாக இருக்கிறான். ஞாயிறு பூசைக்கு இருபது பேர் வந்தால் பெரிது, அதிலும் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள் என்கிறான். விசுவாசம் செத்துப்போன ஊரில் நம் சாமிமார் போய் என்ன செய்கிறீர்கள்? இங்கேயே கோயில் பங்குகளுக்கு ஆள் வேண்டியிருக்கிறதே.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தம்பி சொன்னது உண்மைதான் அக்கா. போன ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு என் கோயிலில் பதினேழு பேர். முந்நூறு பேர் உட்காரும் கோயில் அது. பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். வந்த புதிதில், வெறும் பெஞ்சுகளைப் பார்த்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1950-களில் மேற்கு ஜெர்மனியின் கத்தோலிக்கரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஞாயிறு பூசைக்குப் போனார்கள். 2024-இல் ஜெர்மனி முழுவதும் 6.6 சதவீதம். அந்த ஓராண்டில் மட்டும் 3,21,611 பேர் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினார்கள். முறைப்படி என்றால், இங்கே கோயில் வரியை அரசாங்க வரி அலுவலகமே பிடித்துக் கொடுக்கிறது. பவேரியாவில் ஒருவர் கட்டும் வருமான வரியில் 8 சதவீதம். வேண்டாம் என்பவர் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு விலகுகிறார். தகவல் பங்குக்கு வரும். அவரைப் பேச அழைத்துக் கடிதம் எழுத வேண்டும் என்பது 2012-இல் ஜெர்மன் ஆயர்கள் (பிஷப்புகள்) செய்த ஏற்பாடு. பெரும்பாலும் பதில் வராது.

அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை ஒருநாள் எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நானே நேரில் போனேன். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயது இருக்கும். கையில் தோட்டத்து மண். கடிதத்தை வாங்கிப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்தார். அப்புறம் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். பூசையில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்தவன். பத்து வயதில் அவனுக்கு ஒரு குரு இழைத்த கொடுமையையும், அந்தக் குருவை ஓசைப்படாமல் வேறு பங்குக்கு மாற்றியதையும் சொன்னார். "வரியை மிச்சம் பிடிக்க விலகினேன் என்று ஊரில் நினைக்கிறார்கள்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. 2018-இல் ஆயர்களே ஏற்பாடு செய்த ஆய்வு வெளிவந்தது. 1946 முதல் 2014 வரையிலான ஏடுகளில் குருக்களும் திருத்தொண்டர்களுமாக 1,670 பேர் மீது குற்றச்சாட்டும், பாதிக்கப்பட்ட 3,677 சிறார்களும் தெரியவந்தார்கள். அதைப் படித்திருந்தேன். ஆனால் அந்த 3,677 பேரில் ஒருவருடைய தங்கச்சி எதிரே உட்கார்ந்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டு நான் போகவில்லை.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார். "மாடியில் அம்மா படுத்திருக்கிறார். அவர் விலகவில்லை. நற்கருணை கொண்டுவருவீர்களா?"

மாதத்தின் முதல் வெள்ளிதோறும் போகிறேன். நான் போகுமுன் கட்டிலருகே வெள்ளைத் துணி விரித்து மெழுகுவத்தி ஏற்றியிருக்கும். ஏற்றி வைத்தவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் பாதிப்படியில் நின்றார். இப்போது அறைக் கதவருகே நிற்கிறார். உள்ளே வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

இவருக்கு விசுவாசம் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன் அக்கா? அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். ஈஸ்டருக்கு ரொட்டி, பன்றி இறைச்சி, சாயமிட்ட முட்டை எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு மந்திரிக்க வருகிறார்கள், அன்று கோயில் நிறைகிறது. நவம்பர் 1 மதியம் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமிருக்காது. வெறும் பழக்கம் என்று சில குருக்கள் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. வருஷத்தில் ஒருநாள் அப்பாவின் கல்லறையில் தீர்த்தம் தெளிக்கக் காத்து நிற்பவரிடம் பேச எனக்கு அந்த ஒருநாள்தான் இருக்கிறது.

நம் ஊரில் ஆள் வேண்டும் என்பதும் நியாயம்தான். என் ஆயர் கூப்பிடும் அன்று பெட்டி கட்டிவிடுவேன்.

கேள்வி: ஜெர்மன் மொழியில் பிரசங்கம் வைப்பது சிரமமாக இல்லையா, ஃபாதர்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இன்னமும் சிரமம்தான். வகுப்பில் படித்தது ஒரு ஜெர்மன், ஊரார் பேசுவது பவேரிய வழக்கு. வியாழக்கிழமை பிரசங்கத்தை எழுதி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கொடுப்பேன். சனிக்கிழமை சிவப்பு மையோடு திரும்பி வரும். போன வாரம், காலிப் பெஞ்சுகளைப் பற்றி வருத்தப்பட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் முழுப் பத்தியையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "வந்திருக்கும் எங்களிடம் பேசுங்கள், சாமி."